சான்றிதழுக்கும் கம்பெனி வாசலுக்கும் நடுவே: செங்கல்பட்டுச் சீமையில் தொழிற்பயிற்சியின் வரலாறு



இரட்டைமலை சீனிவாசனின் நினைவைப் போற்றும் மேடையில் தொழிற்பயிற்சி பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களில் சிலருக்கு வியப்பாக இருந்திருக்கும். இலக்கிய அமைப்பு கூட்டிய கூட்டத்தில் ஐ.டி.ஐ.க்கும் அப்ரண்டிஸுக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். அவர் பிறந்த கோழியாளம் இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் இருக்கிறது. 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர் அவர். பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் பொது அலுவலகத்திலும் எம் மக்கள் தடையின்றி நுழையலாம் என்பதை அறிவிக்கும் தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டசபையில் கொண்டுவந்தவரும் அவரே. நுழைவுரிமைதான் அவர் அரசியலின் மையம். இன்று இந்தச் சீமையில் நுழைவுரிமை கேட்டு நிற்க வேண்டிய இடம் தொழிற்சாலை வாசல். அதனால்தான் இந்தத் தலைப்பு.

காலை ஐந்தரை மணிக்குச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில், ஸ்ரீபெரும்புதூர் சாலை பிரியும் இடத்தில், கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள் ஏறுவார்கள். சீருடை ஒன்றாக இருந்தாலும் கழுத்துப் பட்டையின் நிறம் வேறாக இருக்கும். நிறத்தைப் பார்த்தே யார் பர்மனன்ட், யார் டிரெய்னி, யார் அப்ரண்டிஸ், யார் சி.எல். என்று சொல்லிவிடும் தொழிற்சாலைகள் உண்டு. பக்கத்து மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ், ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள் தேவை, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு என்று சொல்லும். அடியில் ஒரு செல்பேசி எண் இருக்கும். அந்த எண்ணுக்கு உரியவர் வேலைவாய்ப்பு அலுவலக ஊழியர் அல்ல. ஐ.டி.ஐ. ஆசிரியரும் அல்ல. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்.

நம் கேள்வி இங்கே தொடங்குகிறது. பயிற்சி கொடுக்க அரசு நிறுவனம் இருக்கிறது. வேலை தேடித்தர அரசு அலுவலகம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் இந்த ஏஜென்ட் எப்படி வந்தார்? இதற்கு விடை தேட நூற்றிமுப்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

மனையும் வேலையும்

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் இம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நாம் பஞ்சமி நிலத்துக்காக மட்டுமே அந்த அறிக்கையை நினைவில் வைத்திருக்கிறோம். அது ஒரு வேலைச்சந்தையைப் பற்றிய அறிக்கையும்கூட. இச்சீமையில் மிராசு முறை இருந்தது. ஊரின் தரிசு நிலத்தை வேறொருவர் தர்க்காஸ்து போட்டுக் கேட்டாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. சேரி நின்ற மனைகூட மிராசுதாரரின் பிடியில் இருந்தது. படியாளாக இருக்கிறவர் வேறிடத்தில் வேலை பார்க்க நினைத்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். உழைப்பவரைக் கட்டிப்போட்ட கயிறு, காலடியில் இருந்த மனைதான்.

அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. முதல் பத்தாண்டுகள் கைமாற்றக் கூடாது, பிறகும் பஞ்சமர் அல்லாதாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலம் பின்னர் யார் கைக்குப் போனது என்பதை நான் இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த ஜான் தாமஸும் ஏழுமலையும் நம் நினைவில் இருக்கிறார்கள். நிலம் கிடைத்திருந்தால் தொழிற்சாலை வாசலில் நிற்கும்போது நம் பிள்ளைக்குப் பின்னால் ஒரு பிடிமானம் இருந்திருக்கும். பிடிமானம் இல்லாதவர், கொடுத்த கூலிக்குத் தலையாட்ட வேண்டியவராகிறார்.

1920இல் சென்னை அரசு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை உருவாக்கி, ஒடுக்கப்பட்டோர் நலனை அவரிடம் ஒப்படைத்தது. மனைப்பட்டா, கிணறு, பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் ஒரே அதிகாரியின் மேசையில் வந்து சேர்ந்தன. அன்று 'லேபர் ஸ்கூல்' என்று அழைக்கப்பட்ட பள்ளிகளின் வாரிசுகள்தான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். அந்த ஏற்பாட்டில் குறைகள் ஏராளம். ஆனால் நிலமில்லாதவருக்கு மனையும் படிப்பும் வேலையும் ஒரே முடிச்சு என்ற புரிதலாவது அதில் இருந்தது. ஒரு முடிச்சை மட்டும் தனியாக அவிழ்க்க முடியாது.

அம்பேத்கரின் துறை

1942 ஜூலை முதல் 1946 ஜூன் வரை அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தார். அவர் பொறுப்பேற்றபோது போர் நடந்துகொண்டிருந்தது. ஆயுதத் தொழிற்சாலைகளுக்குக் கைத்தேர்ச்சி பெற்ற ஆள் வேண்டும் என்று 1940இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் அவர் துறையின்கீழ் இருந்தது. பதவியேற்ற சில மாதங்களில், 1942 அக்டோபர் 29 அன்று, பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கும் நீண்ட மனுவை வைஸ்ராய் லின்லித்கோவிடம் அளித்தார். உத்தியோகத்தில் பங்கு, உயர்கல்விக்கு உதவி ஆகியவற்றோடு, அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் பட்டியல் சாதிப் பிள்ளைகளை அப்ரண்டிஸ்களாகச் சேர்க்க வேண்டும் என்பதையும் அதில் வலியுறுத்தினார். எந்தக் கல்லூரிப் பட்டத்துக்கும் குறையாத அக்கறையோடு அவர் லேத் பட்டறையைப் பார்த்தார் என்பது நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

1945 ஜூலையில் அத்துறையின்கீழ் மீள்குடியமர்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் உருவானது. போர் முடிந்து திரும்பும் படைவீரர்களுக்கும் போர்த் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறுவோருக்கும் வேலை தேடித்தருவது அதன் நோக்கம். வேலைவாய்ப்பு அலுவலகம், பயிற்சி இரண்டையும் ஒரே இயக்ககம் கவனித்தது. போரின் தேவைதான் இதற்கு முதல் காரணம். எல்லாவற்றையும் ஒருவர் தலையில் சூட்டுவது வரலாறு ஆகாது. ஆனாலும் அதன் தர்க்கம் தெளிவானது: வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்தான் எதற்குப் பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பயிற்சி முடித்தவரை வேலையில் அமர்த்தும் பொறுப்பும் அவரையே சேர வேண்டும். அதே 1945இன் செப்டம்பரில் இரட்டைமலை சீனிவாசன் மறைந்தார்.

1948இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. இன்றைய ஐ.டி.ஐ.களின் தொடக்கம் அதுதான். சிவராவ் குழுவின் பரிந்துரைக்குப் பின் 1956 நவம்பர் 1 முதல் இரண்டின் அன்றாட நிர்வாகமும் மாநிலங்களுக்கு வந்தது. தமிழ்நாட்டில் இன்றும் வேலைவாய்ப்பும் பயிற்சியும் பெயரளவில் ஒரே துறை.

சட்டம் நின்றுவிட்ட இடம்

பிறகு இரண்டு சட்டங்கள் வந்தன. தொழிற்சங்க மேடைகளில்கூட இவற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

முதலாவது, 1959ஆம் ஆண்டின் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் தன் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அலுவலகம் அனுப்பும் ஆளை எடுத்துக்கொள்ளும் கடமை இல்லை என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்லிவிட்டது. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இந்த ஏற்பாட்டைத் தனக்குள் எடுத்துக்கொண்டு அலுவலகத்தின் பெயரை மாற்றியதே தவிர, இந்த விலக்கை அப்படியே வைத்துக்கொண்டது.

இரண்டாவது, 1961இன் அப்ரண்டிஸ் சட்டம். தொழிற்சாலைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பயிற்சியாளர்களைச் சேர்க்க வேண்டும். 1973இல் இதில் 3ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. தனியார் தொழிற்சாலைக்குள் இடஒதுக்கீடு சட்டமாக நுழைந்திருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் 18ஆம் பிரிவைப் படியுங்கள்: அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. 22ஆம் பிரிவு, பயிற்சி முடிந்தபின் வேலை கொடுக்கும் கடமை முதலாளிக்கு இல்லை என்றது. 2014இன் திருத்தம் அந்த வாசகத்தை மாற்றி, வேலைக்கு எடுப்பது பற்றிய கொள்கையை முதலாளியே வகுத்துக்கொள்ளட்டும் என்றது. சொற்கள் மாறின, சாவி கைமாறவில்லை.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஐ.டி.ஐ. சேர்க்கையில் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு இருக்கிறது. அப்ரண்டிஸ் இடத்திலும் ஒதுக்கீடு இருக்கிறது. கடைசிப் படியில், அதாவது பர்மனன்ட் வேலையில், எதுவும் இல்லை. பயிற்சியிலிருந்து வேலைக்குப் போகும் அந்த ஒற்றைப் படியைச் சட்டம் முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. சாதி நுழைய ஒரு சந்து போதும். அந்தச் சந்து இதுதான்.

தொழிற்சாலைகள் வந்தபோது

1996இல் ஹூண்டாய் நிறுவனத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், அரசு வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலை மட்டும் நம்பாமல் விளம்பரமும் செய்ய வேண்டும் என்று விஸ்வேஸ்வர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவு செய்யாத ஏழைக்கும் வாய்ப்பு வேண்டும் என்ற அதன் நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் பதிவு மூப்பை நம்பிக் காத்திருந்தவர்களுக்கு அந்த அட்டையின் மதிப்பு குறைந்தது. இந்தச் சீமைக்குத் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய நேரத்தில், இவற்றோடு பேரம் பேசியிருக்க வேண்டிய அரசு அலுவலகம் இளைத்துக்கொண்டிருந்தது.

அதன்பின் மறைமலைநகரில் ஃபோர்டு, ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். நடுவில் மாவட்ட எல்லை குறுக்கிடுகிறது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின், பிள்ளை ரயில் இறங்கும் இடம் ஒரு மாவட்டம், வேலை பார்க்கும் இடம் காஞ்சிபுரம் மாவட்டம். ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. அந்த அளவுக்கு நம் மக்கள் வாழும் மண் இது.

இவ்வட்டாரத்துக் காலனிப் பெண் ஒருத்தி என்னென்ன வாசல்களைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு 1978இல் பிளஸ் டூவோடு சேர்ந்து வந்தது. அது பள்ளிக்கல்வித் துறையின் கையில் இருக்கிறது. ஐ.டி.ஐ. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையில், பாலிடெக்னிக் உயர்கல்வித் துறையில். குறுகியகாலப் பயிற்சியைத் திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் அதன் பொறுப்பு. பட்டியல் சாதியினருக்கென்று பயிற்சி தரும் தாட்கோ ஆதிதிராவிடர் நலத் துறையின்கீழ் வருகிறது. ஒரே பிள்ளை, ஐந்து துறை. ஒன்றில் பெற்ற சான்றிதழை வைத்து அடுத்ததில் ஒரு படி மேலே ஏறுவது அரிது. பெரும்பாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தில்லியிலும் இதே கதைதான். 2014இல் திறன் மேம்பாட்டுக்கென்று தனி அமைச்சகம் வந்தது. 2015இல் பயிற்சிப் பிரிவு தொழிலாளர் அமைச்சகத்திலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோகப்பட்டது. வேலைவாய்ப்புப் பிரிவு பழைய இடத்திலேயே நின்றது. 1945இல் ஒரே கூரையின்கீழ் கட்டிய குடும்பம் சரியாக எழுபதாண்டில் பாகம் பிரிந்தது.

இடைவெளியில் நிற்பவர்

அரசின் இரு கைகளும் ஒன்றையொன்று தொடாதபோது, நடுவில் உள்ள இடத்தை ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொள்கிறார். 2013இல் தொழில்நுட்பக் கல்விக் குழு 'நீம்' என்ற பயிற்சித் திட்டத்தை அறிவித்தது. அதில் சேர்ந்தோரும் தொழிலாளியாகக் கருதப்படவில்லை, பயிற்சியாளராகவே கருதப்பட்டனர். அப்ரண்டிஸ் சட்டத்தின் விதிகள் 2019இல் மாறின. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களை வைத்துக்கொள்ள வேண்டும். உதவித்தொகை தகுதிக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. பயிற்சி நல்லதுதான். பாதுகாப்பு விதிகளும் விபத்து இழப்பீடும் அப்ரண்டிஸுக்கும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தொழிற்சாலையில் ஓராண்டு, அடுத்ததில் ஓராண்டு, மூன்றாவதில் சி.எல். என்று ஒரு பிள்ளையின் இருபதுகள் கழிந்தால், அதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. கற்றுக்கொள்ள இனி எதுவும் இல்லாத ஒருவரைத் தொழிலாளி என்று அழைக்க மறுக்கும் ஏற்பாடு அது.

மூன்றாவது கம்பெனியில் யார் பர்மனன்ட் ஆகிறார்? தெரிந்தவர் சிபாரிசு, ஊர், குடும்பப் பெயர் எல்லாம் அங்கேதான் பேசும். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒரே தகுதியோடு பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தலித் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நம் பகுதித் தொழிற்சாலைகளில் நிலைமை எப்படி என்று கேட்டால், சாதிவாரியாக அந்தக் கணக்கை வெளியிடும் கடமை எவருக்கும் இல்லை.

மனையின் கதையும் திரும்பி வந்திருக்கிறது. 1891இல் குடிசை மிராசுதாரருடையது. இன்று விடுதி ஏஜென்டுடையது. வேலை நின்ற அன்று பெட்டியைத் தூக்க வேண்டும். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. இன்றைய பிள்ளைகளுக்குக் கையில் காசும் காலில் சாலையும் இருக்கின்றன. 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்றபோது ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். படியாளுக்கு அந்தச் சாலை இல்லை. ஆனாலும் தங்குமிடத்தையும் வேலையையும் ஒரே கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பது இந்த மாவட்டத்துக்குப் பழைய பாடம்.

தொழிற்சாலை மூடும்போதும் இதே இடைவெளி வாய் பிளக்கிறது. 2014 நவம்பரில் நோக்கியா நின்றது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு வெளியேறுவதாக அறிவித்தது. வேலையிழந்தவருக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் தரும் ஈ.எஸ்.ஐ. திட்டம் 2005 முதல் இருக்கிறது. ஆனால் அது தொடர்ந்து சந்தா செலுத்திய தொழிலாளிக்கானது. அப்ரண்டிஸ் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் கணக்கில் தொழிலாளியே அல்ல. 1945இன் இயக்ககத்தின் பெயரில் முதற்சொல்லே 'மீள்குடியமர்வு'. படைவீரனுக்குக் காட்டிய அந்த அக்கறையை டிரெய்னிக்கு யாரும் காட்டவில்லை.

நாம் கேட்க வேண்டியது

2023இல் ஒரகடம் அரசு ஐ.டி.ஐ.யில் புதிய தொழில்நுட்ப மையம் திறக்கப்பட்டது. மாநிலம் முழுவதும் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தும் திட்டத்தின் ஒரு பகுதி அது. ரோபோ கையும் கணினி லேத்தும் நம் பிள்ளைகள் தொடும் தூரத்துக்கு வந்திருப்பதை வரவேற்போம். ஆனால் இயந்திரம் புதிதாக இருந்தாலும் வாசல் பழையதாகவே இருக்கிறது.

நான் முன்வைப்பவை நான்கு. ஒன்று, 3ஏ பிரிவின்படி எத்தனை அப்ரண்டிஸ் இடங்கள் ஒதுக்கப்பட்டன, எத்தனை நிரம்பின என்பதைத் தொழிற்சாலை வாரியாக அரசு வெளியிட வேண்டும். இரண்டு, ஐ.டி.ஐ.யின் வெற்றியைச் சேர்க்கை எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. மூன்றாண்டு கழித்து எத்தனை பேர், எந்தெந்தப் பிரிவினர், பர்மனன்ட் ஆனார்கள் என்பதால் அளக்க வேண்டும். மூன்று, சிப்காட் நிலமும் வரிச் சலுகையும் பெறும் நிறுவனம் அப்ரண்டிஸ்களில் ஒரு பங்கினரை நிரந்தரமாக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மக்கள் பணத்தைக் கொடுக்கும்போது மக்கள் நிபந்தனை போடலாம். 2006இல் தொழில் அமைப்புகள் தாமாகவே சமூக நீதி செய்வோம் என்று வாக்களித்தன. வாக்கை எழுத்தில் கேட்போம். நான்கு, இரு மாவட்டத்துக்கும் பொதுவாக, பள்ளி, ஐ.டி.ஐ., தாட்கோ, வேலைவாய்ப்பு நான்கும் ஒரே மேசையில் அமரும் அலுவலகமும், ஏஜென்டின் கையில் இல்லாத அரசு விடுதியும் இந்தத் தடத்தில் வேண்டும்.

இவை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1891இன் அறிக்கை இன்றும் நமக்குப் பயன்படக் காரணம், யாரோ ஒருவர் ஊர் ஊராக நிலைமையை எழுதி வைத்ததுதான். அன்று எழுதியவர் வெள்ளைக்கார ஆட்சியர். இன்று எழுதக்கூடிய பிள்ளைகள் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் தெருவில் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் எத்தனை பேர், எந்த ஆண்டு, எந்தத் தொழிற்பிரிவு, எத்தனை கம்பெனி மாறினார்கள், இன்று கழுத்தில் என்ன நிறப் பட்டை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதை வைத்துக்கொண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேளுங்கள். ஓர் ஊரின் நோட்டு பத்து ஊர்களின் நோட்டாகும்போது, கணக்கு இல்லை என்று எந்த அலுவலகமும் நமக்குச் சொல்ல முடியாது.

ஜெய் பீம்.